வெள்ளப் படகின் வெடிப்புகள்



ரப்பர் மரமும் தேயிலைக் கொழுந்தும் இரத்தினக்கல் குழியும் நிறைந்த சப்ரகமுவையிலிருந்து ஒரு மௌலவி ஆசிரியர் படகைப் பற்றி எழுதுகிறாரே, இவருக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால் இரத்தினபுரியில் வருடக்கணக்கில் குடியிருந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். சிவனொளிபாத மலைப்பக்கத்தில் பிறந்து, 129 கிலோமீற்றர் ஓடி, களுத்துறையில் கடலில் விழும் களு கங்கை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பிரதேசம் இது. மலையில் இரண்டு நாள் விடாமல் பெய்தால், மூன்றாம் நாள் கடைத்தெருவில் தண்ணீர் நிற்கும். 1947ஆம் ஆண்டு வெள்ளத்தை எங்கள் பெரியவர்கள் கதையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 2003 மே மாத வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்ணால் கண்டோம். 2017 மே 25, 26ஆம் திகதிகளில் பெய்த மழையில் நாடு முழுவதும் இருநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அப்போது கடற்படையின் படகுகளும், கடற்கரை ஊர்களிலிருந்து லொறிகளில் ஏற்றிவரப்பட்ட மீன்பிடிப் படகுகளும் தெருக்களில் ஓடியதை மறக்க முடியுமா?

அந்த வெள்ளம் வடிந்த பிறகுதான் எங்கள் மஹல்லாவுக்கென ஒரு படகு வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. ஒரு நல்ல மனிதர் பேருவளைப் பக்கத்திலிருந்து பதினெட்டு அடி பைபர் படகொன்றை, பாவித்ததுதான், வாங்கிக் கொடுத்தார். பள்ளிவாசலின் பின்பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு அதற்குள் வைத்தோம். பொறுப்பாளர் யார் என்ற பேச்சு வந்தபோது, "மௌலவிக்குத்தானே பின்னேரத்தில் நேரமிருக்கு" என்று யாரோ சொல்ல, அது தீர்மானமாகிவிட்டது. ஆசிரியர்களுக்குப் பின்னேரங்களில் வேலையில்லை என்பது நம் சமூகத்தின் நீண்டகால நம்பிக்கைகளில் ஒன்று!

2024 ஜூன் தொடக்கத்தில் மீண்டும் தண்ணீர் ஏறியபோது அந்தப் படகு இரண்டு பகல் ஓர் இரவு ஓய்வில்லாமல் ஓடியது. மேல்மாடியில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்குச் சோற்றுப் பொதி கொண்டு போனது. எட்டு மாதக் கர்ப்பிணிப் பெண்ணொருத்தியையும் அவளுடைய உம்மாவையும் ஆஸ்பத்திரிக்குப் போகும் மேட்டுப் பாதைவரை கொண்டு சேர்த்தது. அந்தப் பயணத்தில்தான், தண்ணீருக்குள் மறைந்திருந்த ஓர் இரும்புக் கேற்றின் உச்சியில் படகின் அடிப்பக்கம் மோதியது. பெரிய சத்தம். ஆனால் தண்ணீர் உள்ளே வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு மேலே போனோம்.

வெள்ளம் வடிந்து, படகைக் கவிழ்த்துக் கழுவியபோது வெடிப்புகள் தெரிந்தன. மயிரிழை போல. மோதிய இடத்தில் சிலந்தி வலை போல வட்டமாகப் பரவியிருந்தன. பின்பலகையின் இரு மூலைகளிலும் நேர்கோடுகளாக ஐந்தாறு ஓடின. பள்ளிவாசல் நிர்வாகம் கூடியது. பொருளாளர் ஹாஜியார், "ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சா சரிதானே" என்றார். இன்னொருவர், வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்றார். எனக்கு இரண்டும் மனதுக்கு ஒப்பவில்லை. பெயின்ட் அடித்தால் வெடிப்பு போகாது, நம் பார்வையிலிருந்து மறையும், அவ்வளவுதான். அடுத்த வெள்ளத்தில் அந்தப் படகில் ஏறப்போவது யாருடைய பிள்ளை என்று நமக்குத் தெரியாது. விற்பதோ, அந்த ஆபத்தைத் தெரியாத ஒருவரின் தலையில் கட்டுவது. வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று தெரிந்தவர் ஒருவரை அழைத்துக் காட்டுவோம் என்றேன். பேருவளையில் படகு திருத்தும் நானா ஒருவரை அழைத்தோம். களு கங்கையில் வெள்ளம் வராத, மழை குறைந்த தை, மாசி மாதத்துக்கு நாள் குறித்தார். எங்கள் பிரதேசத்தில் வேறு எந்த மாதத்திலும் ஒரு படகு ஒழுங்காகக் காயாது.

பைபர் படகு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை மெல்லிய நாராக இழுத்து, அந்த நாரைப் பாய் போலப் பரப்பி, அதன்மேல் ரெசின் என்னும் பிசினை ஊற்றி இறுகவைத்துச் செய்வது. 1940களில் அமெரிக்காவில் தொடங்கிய வித்தை இது. நம் நாட்டில் 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு காரைநகரில் ஆரம்பித்த சீநோர் நிறுவனம் இவ்வகைப் படகுகளைக் கட்டியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி மீனவர்களின் படகுகளைச் சூறையாடிய பின்னர், புதிய பைபர் படகுகள் அவசர அவசரமாகச் செய்யப்பட்டன. அவற்றுள் பல தரமற்றவை என்ற குறை பின்னர் எழுந்தது.

நாரும் பிசினும் சேர்ந்த பகுதிதான் படகின் சதை. அதற்கு வெளியே, பளபளப்பாகத் தெரிகிறதே, அது ஜெல்கோட் எனப்படும் தோல். கிட்டத்தட்ட அரை மில்லிமீற்றர் கனம்தான். அதற்குள் நார் கிடையாது, வெறும் பிசினும் நிறமும் மட்டுமே. அதனால்தான் சதை வளைந்து கொடுக்கும்போது தோல் வளைய முடியாமல் வெடிக்கிறது. சுவரின் சீமெந்துப் பூச்சில் வெடிப்பு விழுந்தால், சுவரே வெடித்துவிட்டது என்று அர்த்தமில்லை அல்லவா? ஆனால் சுவரும் வெடித்திருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

நானா வந்தார். வந்ததும் கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை.

"மௌலவி, பேனை மை இருக்கா?"

"பள்ளிக்கூடத்தில இருக்கும் நானா. எதுக்கு?"

"எடுத்திட்டு வாங்கோ, காட்டுறேன்."

நீல மைப் போத்தல் வந்தது. சந்தேகமான இடங்களில் மையைப் பூசி, சிறிது பொறுத்து ஈரத்துணியால் துடைத்தார். மேலே இருந்த மை போய்விட்டது. வெடிப்புக்குள் இறங்கிய மை போகவில்லை. நாங்கள் மோதிய இடத்தில் பதினொரு கோடுகளை எண்ணியிருந்தோம். மை முப்பதுக்கு மேல் காட்டியது. கரும்பலகையில் யாரோ நட்சத்திரம் வரைந்தது போல இருந்தது.

அடுத்து ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை எடுத்து அடிப்பாகம் முழுவதும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டிக்' என்று கணீரென்ற சத்தம். ஓரிடத்தில் மட்டும் 'தப்' என்று மந்தமாகக் கேட்டது. உள்ளே அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. பிறகு படகை நிமிர்த்தி, அதே இடத்தை உட்பக்கமாகப் பார்த்தார். உள்ளங்கை அளவுக்கு வெளிறிப் போயிருந்தது. சதைக்குள் நாரும் பிசினும் விட்டுப் போனால் அப்படி வெண்மையாகத் தெரியுமாம். ஹாஜியார் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பெயின்ட் பேச்சு அத்தோடு முடிந்தது.

வெடிப்பின் உருவமே அதன் காரணத்தைச் சொல்லிவிடும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். நட்சத்திரம் போல விரிந்தால், ஏதோ ஒன்று குத்தியிருக்கிறது. கடலில் ஓடும் படகுக்குக் கல்லும் பாறையும்; தெருவில் ஓடும் வெள்ளப் படகுக்குக் கேற்றும், மதில் உச்சியும், மூழ்கிய முச்சக்கர வண்டியும். கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக ஓடினால், அந்த இடம் அடிக்கடி வளைகிறது என்று பொருள். எங்கள் படகின் பின்பலகை மூலையில் இருந்தது அந்த வகை. இயந்திரத்தின் அதிர்வும், லொறியில் ஏற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் அதற்குக் காரணம். இதற்கு வெளியே மட்டும் பூசி மெழுகினால் மூன்று மாதத்தில் திரும்பி வரும். உள்பக்கத்தில் பாய் வைத்து அந்த இடத்தைப் பலப்படுத்திய பிறகுதான் தோலைத் தொடவேண்டும். மூன்றாவது வகை, மண் வெடித்த வயல் போல எல்லாப் பக்கமும் நுணுக்கமாகப் பரவுவது. செய்யும்போதே ஜெல்கோட்டைக் கனமாகப் பூசிவிட்டால் வருவது. வெயிலும் காலமும் அதைக் கூட்டும்.

திருத்தும் வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்து, கொஞ்சம் கையும் வைத்ததால், செய்முறையைச் சொல்கிறேன். சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவி, பிறகு அசிட்டோன் நனைத்த துணியால் எண்ணெயும் மெழுகும் போகத் துடைக்கவேண்டும். அதன்பின் நானா செய்ததைப் பார்த்து எங்கள் நிர்வாகிகள் பதறிப்போனார்கள். மயிரிழையாக இருந்த வெடிப்பை, கூரான சுரண்டியால் இன்னும் அகலமாகக் கிழித்தார்! காரணம் இருக்கிறது. மயிரிழைக்குள் பிசின் இறங்காது. மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு உதிரும். ஆகவே வெடிப்பின் இரு முனைவரையும், மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் வாய்க்கால் போலச் சுரண்டி, கரடுமுரடான சான்ட் பேப்பரால் ஓரங்களைத் தேய்த்து, தூசியை முற்றாக நீக்கிக் காயவிட வேண்டும். காயவிடுவது என்றால் ஒரு பின்னேரம் அல்ல. கண்ணாடி நார் திரி போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். எங்கள் படகு கொட்டிலுக்குள் ஒன்பது நாள் காய்ந்தது.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் சூரத்துல் கஹ்ஃபில், மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களோடு பயணம் போன ஹிழ்ர் அலைஹிஸ்ஸலாம் அவர்கள், ஏழைகள் சிலரின் கப்பலில் பலகையைப் பெயர்த்து ஓட்டையாக்கிய சம்பவம் உங்களுக்குத் தெரியும். நல்ல கப்பல்களையெல்லாம் பறிக்கும் அரசனிடமிருந்து அதைக் காப்பாற்றவே அப்படிச் செய்தார்கள். நானா சுரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "மௌலவி, அந்தக் கப்பலப் பொறகு ஆரு திருத்தின? என்னத்தால அடச்ச?" என்று கேட்டார். தொழில் தெரிந்தவனின் கேள்வி! பதில் ஸஹீஹுல் புகாரியின் தப்ஸீர் பாடத்தில் இருக்கிறது. அரசனைக் கடந்த பின் அவர்கள் அதைத் திருத்திப் பயன்படுத்தினார்கள் என்றும், எதனால் அடைத்தார்கள் என்பதில் இரு சொற்கள் இருக்கின்றன என்றும் அங்கே வருகிறது. ஒன்று 'கார்', அதாவது கீல். மற்றது 'காரூரா', கண்ணாடிக் குப்பி. அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் இந்த இரண்டாவது சொல் எனக்குப் புதிராகவே இருந்தது. கப்பலின் ஓட்டையைக் கண்ணாடியால் எப்படி அடைப்பது? விரிவுரையாளர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். கண்ணாடியைப் பொடியாக்கி மாவு போன்ற ஒன்றோடு குழைத்து அடைத்திருக்கலாம் என்று அவர்களில் ஒருசாரார் விளக்கம் எழுதினார்கள். இதைச் சொன்னபோது நானா தம் கையிலிருந்த கண்ணாடி நார்ப் பாயையும் ரெசின் டின்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். விரிவுரையாளர்கள் பைபரை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் என்றெல்லாம் நான் வாதிடவில்லை, அப்படி இழுத்து வளைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். ஆனால் கண்ணாடிப் பொடியையும் ஒரு குழைவையும் சேர்த்து ஓட்டை அடைக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

வேலைக்கு வருவோம். மேல்தோலில் மட்டும் இருந்த வெடிப்புகளுக்கு, குழைவாக்கிய ஜெல்கோட்டை எடுத்து, அதனுடன் ஹார்ட்னர் எனும் திரவத்தைச் சேர்க்கவேண்டும். நூறு கிராமுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிலீற்றர். மருந்து ஏற்றும் சிரிஞ்சால் அளந்தோம். வெயில் கூடினால் சற்றுக் குறைக்கலாம். ஆனால் நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே போனால் எத்தனை நாளானாலும் ஒழுங்காக இறுகாது. கலந்துவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் பூசி முடிக்கவேண்டும்; ஆகவே சிறிது சிறிதாகக் கலப்பதே புத்தி. ரெஜிபோம் கோப்பையில் கலக்காதீர்கள், ரெசினிலுள்ள திரவம் அதைக் கரைத்துக் கையில் ஊற்றிவிடும். இறுகும்போது சுருங்கும் என்பதால், மட்டத்துக்கு மேலே சற்று எழும்பி நிற்கும்படி நிரப்பவேண்டும். காற்றுப் பட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். அதற்காகத் தடித்த பொலித்தீன் தாளைக் குமிழி இல்லாமல் மேலே ஒட்டி மூடினோம்.

எங்கள் பக்கத்துக் கராஜ் பாஸ் ஒருவர், கார்களுக்கு அடிக்கும் பட்டியை இலவசமாகவே தருவதாகச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தப் பட்டி தண்ணீரை உறிஞ்சும். தண்ணீருக்குள் நிற்கும் பாகத்தில் அதை வைத்தால் கொஞ்ச நாளில் ஊதிப் பெயர்ந்துவிடும். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம்.

மந்தமாகச் சத்தம் கேட்ட அந்த ஓரிடத்துக்கு வைத்தியம் வேறு. அங்கே தோலை மட்டுமல்ல, கெட்டுப்போன சதையையும் அரைத்து எடுக்கவேண்டும். எடுத்த ஆழத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்கவேண்டும். எங்களுக்கு மூன்று மில்லிமீற்றர் ஆழம் போனது; எனவே சுற்றிலும் முப்பத்தாறு மில்லிமீற்றர் சரிவு. அந்தச் சரிவில்தான் புதிய அடுக்கு பழையதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு 300 கிராம், 450 கிராம் பாய்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ரெசினில் ஊறவைத்து, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியே தள்ளினார் நானா. பாயின் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போதும். கூட ஊற்றினால் பலம் கூடும் என்று எண்ணுகிறோம், உண்மையில் நொறுங்கும் தன்மைதான் கூடும். உள்பக்கத்தில் அந்த வெளிறிய இடத்துக்கும், பின்பலகை மூலைகளுக்கும் இதேபோல இரண்டு அடுக்கு வைத்தார்.

இரண்டு நாள் கழித்துத் தேய்ப்பு வேலை. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரில் 220இல் தொடங்கி, 400, 600, 1000 என்று மென்மையாக்கிக்கொண்டே போய், கடைசியில் கம்பவுண்ட் போட்டு மெருகேற்றவேண்டும். நிறம் முழுதாகப் பொருந்தவில்லை. பழைய வெள்ளைக்கும் புதிய வெள்ளைக்கும் நடுவே ஒரு திட்டுத் தெரிகிறது. வெள்ளப் படகுக்கு அழகுப் போட்டியா நடக்கிறது என்று விட்டுவிட்டோம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் மாணவர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். தோட்டத்து லயன்களிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். வெள்ளத்தில் பாதை அறுந்து அவர்களுக்கு அரிசி போனதும் இந்தப் படகில்தானே. அவர்களையெல்லாம் கயிறு கட்டித் தூரமாகவே நிறுத்தினேன். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். பட்டுவிட்டால் தாமதிக்காமல் கால்மணி நேரமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ரெசினை இறுகத் தூண்டும் கோபால்ட் திரவத்தை ஹார்ட்னருடன் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். அந்த வாடை தீப்பிடிக்கும் ஆவி. ஆகவே பக்கத்தில் பீடி, சிகரட் கூடாது. அரைக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசு நெஞ்சுக்குள் போகாமலிருக்க முகமூடியும், கண்ணாடியும், கையுறையும் வேண்டும். தோலில் பட்டால் அரிக்கும். தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவவேண்டும்.

எல்லாம் முடிந்து படகை நான்கு மரக்குற்றிகளில் வைத்து, உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு விட்டோம். ஸுப்ஹு தொழுதுவிட்டு டோர்ச் லைட்டோடு கீழே படுத்துப் பார்த்தேன். திருத்திய இடங்கள் காய்ந்தே இருந்தன. தண்ணீர் போகும் மூடியின் ரப்பர் வளையத்தில்தான் கசிவு இருந்தது. அதை மாற்ற ஐந்து நிமிடம் போதுமாயிற்று. நிர்வாகிகளின் அனுமதியோடு கொட்டிலில் சில மாற்றங்கள் செய்தோம். இப்போது படகு கவிழ்ந்து கிடக்கிறது. நிமிர்த்தி வைத்தால், ஒழுகும் தகரத்திலிருந்து மழைத்தண்ணீர் நிறையும். ஒரு கனமீற்றர் தண்ணீர் ஒரு தொன் எடை அல்லவா? அதைத் தாங்கும் இடத்தில் மறுபடி வெடிக்கும். முன்பு இரண்டு கட்டைகளில் நின்றது, இப்போது நான்கில் நிற்கிறது. ஈரமான தார்ப்பாய் உடம்பில் ஒட்டாமல், காற்றுப் போக இடைவெளி விட்டிருக்கிறோம்.

நானா கூலி வாங்க மறுத்துவிட்டார். பொருட்களின் செலவையும் பஸ் காசையும் மட்டும் ஹாஜியார் அவருடைய சட்டைப் பையில் திணித்தார். மீதமிருந்த ஹார்ட்னர் போத்தலையும் ஜெல்கோட் டின்னையும், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். "புள்ளைகள் திரியிற வீட்டுக்குள்ள இதுக்கு இடமில்ல" என்று என் மனைவி வாசலிலேயே தடுத்துவிட்டார். நியாயம்தான். டின் பள்ளிவாசல் களஞ்சிய அறைக்குப் போனது. போத்தல் வேறோர் அறையில், மணல் நிரப்பிய வாளிக்குள், பூட்டின் கீழே இருக்கிறது. சாவி என்னிடம்.